புகார்ப் பெட்டியின் சாவி

காலை எட்டேகால். இலஞ்சி பஸ் நிறுத்தம்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து. கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து ஏறுகிறார்கள். நாலு பேராக இருந்தால் பேச்சும் சிரிப்பும். ஒருத்தி மட்டும் என்றால் முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்கிறாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் செய்கிறார்கள்.

*

ஒரு கல்லூரி. ஊர், பேர் வேண்டாம். பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

படியேறியதும் நோட்டீஸ் போர்டு. கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு. உள்ளே உள்ளகப் புகார்க் குழுவின் பட்டியல். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அதில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று கூட வந்த ஆசிரியை சொன்னார்.

தொடர்பு எண் 04633 என்று தொடங்குகிறது. அலுவலகத்து லேண்ட்லைன். மணி அடித்தால் எடுப்பவர் கிளார்க்.

பக்கத்தில் புகார்ப் பெட்டி. தகரம், சிவப்புப் பெயின்ட். முதல்வர் அறைக்கு நேர் எதிரே. மேலே கேமரா.

சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஆசிரியை கொஞ்சம் யோசித்தார்.

"ஆபீஸ்ல இருக்கும்க்கா."

பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல ஆசிரியை. பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்கிறார்கள். குழுவில் அவர் பெயர் இல்லை.

*

பாலியல் துன்புறுத்தல் புகார்கள் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள். தலைப்பில் 2015. அரசிதழில் வந்தது 2016 மே.

மாணவி சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர் இருக்க வேண்டும். இளநிலையில் ஒருவர், முதுநிலையில் ஒருவர், ஆராய்ச்சியில் ஒருவர். நியமனம் இல்லை, தேர்தல்.

துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பெரிய நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் குழுவில் உட்காரக் கூடாது.

தலைமை ஒரு மூத்த பெண் பேராசிரியர். ஆசிரியரல்லாத ஊழியர் இருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர்.

அந்த வெளியாள்தான் முக்கியம். அவருக்கு அங்கே சம்பளமோ பதவி உயர்வோ கிடையாது. முதல்வரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

கண்ணாடிக்குள் இருந்த பட்டியலில் மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

*

எதிர்வீட்டுப் பிள்ளை. இரண்டாம் ஆண்டு. அவள் வகுப்பில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது. முழுதாகச் சொல்லவில்லை. லேப் என்கிறாள், ரெக்கார்ட் நோட்டு என்கிறாள், கையெழுத்து வாங்கத் தனியாக வரச் சொன்னது என்கிறாள். பாதியில் நிறுத்திக்கொள்கிறாள்.

"புகார் கொடுக்கலாமேட்டி."

"கொடுத்தா வீட்டுக்குத்தான் மொதல்ல போன் வரும் அத்த. அவ அப்பா படிப்ப நிப்பாட்டிருவாவ."

அத்தோடு எழுந்து போய்விட்டாள்.

படிப்பை நிறுத்தினால் அடுத்தது என்ன என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜாதகத்தை எடுப்பார்கள்.

*

ரகசியம் காக்கும் கடமை, 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16வது பிரிவு. புகார் கொடுத்தவர் பெயர், எதிராளி பெயர், சாட்சிகள் பெயர், விசாரணையில் நடந்தது, எதுவும் வெளியே போகக் கூடாது.

பதினெட்டு வயது முடிந்த பெண். புகார் அவளுடையது. வீட்டுக்கு எப்போது, யார் சொல்வது என்பதை அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

*

புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 9வது பிரிவு. அடுத்த வரியிலேயே, எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும் என்கிறது.

இந்த அடுத்த வரியை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை.

தமிழில் எழுதலாம். பிழையோடு எழுதலாம். "உயர்திரு" போட்டுத் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

நடந்ததை ஒரு பிள்ளை தன் வாயால் தனக்கே சொல்லிக்கொள்ள எத்தனை மாதம் ஆகும்?

*

விசாரணைக்கு 90 நாள். ஒரு செமஸ்டரின் வேலை நாட்களும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த 90 நாளும் யார் வகுப்பெடுப்பது, யார் இன்டர்னல் மார்க் போடுவது.

விதிமுறையில் இதற்கும் வரி இருக்கிறது. எதிராளி, புகார் கொடுத்தவரின் தேர்வையோ வேலையையோ மதிப்பிடக் கூடாது என்று குழு தடுக்கலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கலாம்.

இருவரில் ஒருவரை.

மாற்றப்படுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். பிள்ளையை வேறு செக்ஷனுக்கு மாற்றினால் அன்று மாலைக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

*

இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் தெரியும். மகளிர் நீதிமன்றமும் அந்த ஊரில்தான்.

2024 ஏப்ரல் 30. நிர்மலா தேவிக்குப் பத்தாண்டு சிறை.

அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரி. கணிதத் துறை உதவிப் பேராசிரியர். 2018 மார்ச்சில் மாணவிகளுக்குப் போன் செய்தார். பல்கலைக்கழகத்தில் பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு இணங்கிப் போகச் சொன்னார். பதிலுக்கு மதிப்பெண், பணம், மேற்படிப்பு.

பிள்ளைகள் மறுத்தார்கள். மறுத்ததும் பதிவில் இருக்கிறது. பதிவு செய்தது அவர்களே.

அதைப் பற்றித்தான் அடிக்கடி நினைக்கிறேன். கூப்பிடுவது சொந்த ஆசிரியை. பேச்சில் அன்பு. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்கிற தொனி. அந்த நேரத்தில் ரெக்கார்டிங் பட்டனை அழுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வெறும் வாய்ச்சொல்லை யாரும் நம்பப் போவதில்லை என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

கல்லூரி இடைநீக்கம் செய்தது மார்ச்சில். கைது ஏப்ரல் 16. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. குரல் பதிவு வெளியே பரவியது.

ஆளுநர் ஒரு விசாரணைக் குழு போட்டார். ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.சந்தானம். சிபிசிஐடி தனியாக விசாரித்தது. தீர்ப்பு வர ஆறு ஆண்டு.

கூடக் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் நிரூபணம் இல்லை என்று விடுதலை.

பத்தாண்டு சிறை ஒருவருக்கு. யாருக்காக அழைத்தார் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் ஆள் இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். நீதிமன்றத்துக்கு வந்து போன நாட்களில் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்களோ. வேலைக்குப் போயிருந்தால் விடுப்புக்கு என்ன காரணம் எழுதினார்களோ.

*

பெண்கள் கல்லூரிதானே, அங்கே என்ன பயம் என்கிறார்கள். கல்யாண வீடு ஒன்றில் கேட்டது.

மேலே எழுதியதை அவர்களிடம் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

*

குற்றாலத்தில் சீசன். சாரல் விட்டு விட்டு. கல்லூரி திறப்பதும் இதே ஜூனில்.

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண் போலீஸ் நிற்கிறார்கள். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. தடை போட யாரும் புகார் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்கிறார்.

வெளியூர் வண்டிகள். குடித்துவிட்டு ரோட்டோரம் சட்டையில்லாமல் நிற்கிற கூட்டம். அதற்கு நடுவே குடையும் சாப்பாட்டுப் பையுமாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். தலை நிமிராமல் நடக்கிறார்கள்.

*

மானியக் குழுவின் விதிமுறையில் "வளாகம்" என்பது மதில் சுவரோடு முடியவில்லை. கல்லூரி ஏற்பாடு செய்த வாகனம் வளாகம். கல்விச் சுற்றுலா, இன்டர்ன்ஷிப் போகிற இடம், முகாம், கலை விழா, விளையாட்டுப் போட்டி நடக்கிற ஊர் எல்லாம் வளாகம்.

அப்படியென்றால் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் பாய் விரித்துப் படுக்கிற என்எஸ்எஸ் முகாமும்.

தொழிற்சாலை பார்க்கப் போகிற ஐ.வி. பஸ்ஸின் கடைசி இருக்கையும்.

இதைப் பிள்ளைகளிடம் கிளம்புவதற்கு முன்னால் யாராவது சொல்கிறார்களா? சாப்பாட்டுக்குத் தட்டு, டம்ளர் கொண்டு வரச் சொல்கிறார்கள்.

*

அண்ணா பல்கலைக்கழகம். கிண்டி. 2024 டிசம்பர் 23, திங்கட்கிழமை, இரவு எட்டு மணிக்குள்.

ஞானசேகரன் வெளியாள். கோட்டூர்புரத்தில் பிரியாணிக் கடை நடத்தியவர். மாணவியும் அவர் நண்பரும் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்திருக்கிறார். வீடியோ எடுத்திருக்கிறேன் என்று மிரட்டல். நண்பரை விரட்டிவிட்டு வன்கொடுமை.

நடுவில் போனில் யாரையோ "சார்" என்று கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். யார் அந்த சார் என்று தமிழ்நாடே கேட்டது. சுவரொட்டி, சட்டமன்றம், எல்லா இடத்திலும் அதே கேள்வி.

அந்த நேரத்தில் அவருடைய போன் ஃபிளைட் மோடில் இருந்தது என்று வழக்கில் சொல்லப்பட்டது.

மறுமுனையில் ஆளே இல்லை. பெரிய இடத்தில் ஒரு சார் இருக்கிறார் என்ற நினைப்பு மட்டும் போதுமாக இருந்திருக்கிறது, ஒரு பெண்ணை நடுங்க வைக்க.

அந்த நினைப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது? நமக்கெல்லாம் எங்கிருந்து வந்தது?

*

அவள் அடுத்த நாளே புகார் கொடுத்தாள்.

இதை இரண்டு முறை எழுத வேண்டும். அடுத்த நாளே.

பிறகு முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்தில் எல்லோரும் பார்க்கிறபடி கிடந்தது. பெயர், முகவரி எல்லாம். இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் ஏற்பட்ட தொழில்நுட்பச் சிக்கல் காரணமாக இருக்கலாம் என்று தேசிய தகவலியல் மையம் சொன்னது.

டிசம்பர் 28. சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், வி.லட்சுமிநாராயணன். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு. அறிக்கை எழுதப்பட்ட நடையையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். குற்றத்தைப் பெண்ணின் தலையில் வைக்கிற நடை.

அவளிடம் கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்க விட வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் உத்தரவு.

படிப்பு நிற்கக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தது. எதிர்வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். உயர் நீதிமன்றம், தீர்ப்பு, 25 லட்சம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "படிச்சி முடிச்சிருவாளா அத்த?" என்று மட்டும் கேட்டாள்.

2025 மே 28, குற்றவாளி என்று தீர்ப்பு. பதினொரு குற்றச்சாட்டும் நிரூபணம். ஜூன் 2, ஆயுள் தண்டனை. 30 ஆண்டுக்குக் குறையாமல், சலுகை எதுவும் இல்லாமல். நடந்ததிலிருந்து அரை ஆண்டுக்குள்.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தேதிகளைக் காட்டலாம்.

*

அந்த டிசம்பருக்கு அடுத்த பொங்கல் முடிந்து தென்காசி ஸ்டேஷன். பொதிகை எக்ஸ்பிரஸ். சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அப்பாக்கள்.

ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதே. யாரிடமும் நின்று பேசாதே. லைப்ரரி வேண்டாம், ரூமிலேயே படி.

மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து ஜன்னலில் இன்னொருவர். அவர் ஏற்றிவிட வந்தது மகனை. முறுக்கு டப்பாவைப் பத்திரமாக வைக்கச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

*

அதே விதிமுறையில் இன்னொரு வரி. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது.

விளக்கு போடு, பயிற்சி பெற்ற காவலாளிகளை வை, அவர்களில் பெண்களும் இருக்கட்டும், விடுதிக்கும் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே நம்பகமான வண்டி விடு. கல்லூரி செய்ய வேண்டியதாக அரசிதழில் இருப்பது இவ்வளவும்.

நடைமுறையில் முதலில் வருவது கதவைச் சாத்தும் நேரம்.

*

சென்னையில் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி, 2023 மார்ச் கடைசி. மாணவிகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆடக் கற்றவர்கள், சலங்கை கட்டிய கால்கள், தரையில் சம்மணம். முன்பே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

கல்லூரியைச் சில நாள் மூடுவதாக அறிவிப்பு. விடுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு.

போகவில்லை.

ஏப்ரல் 3, ஆசிரியர் ஒருவர் கைது. பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு.

குருவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடம் தொடங்குகிற இடத்தில் புகார் எழுதுவது எப்படி? ஆராய்ச்சி மாணவிகளுக்கும் இதேதான். ஒரே வழிகாட்டி, ஒரே கையெழுத்து. அவர் மனம் வைத்தால் முனைவர் பட்டம்.

*

தேதிகள். நோட்டில் சும்மா எழுதி வைத்தது.

1992 செப்டம்பர், ராஜஸ்தான், பட்டேரி கிராமம், பன்வாரி தேவி மீது வன்கொடுமை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர். 1995, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை. 1997 ஆகஸ்ட் 13, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு.

1996 நவம்பர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலை. 1997, தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம்.

1998 ஜூலை, சென்னை, எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா மரணம். அதே ஆண்டு, ஈவ்டீசிங் தடைச் சட்டம்.

2012 டிசம்பர், டெல்லி, ஓடும் பஸ்ஸில் வன்கொடுமை. 2013, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2013 டிசம்பர் 9.

விசாகாவிலிருந்து சட்டம் வர 16 ஆண்டு. அந்தப் பதினாறு ஆண்டில் எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்களோ, கணக்கு இல்லை.

*

2025 ஜூலை. ஒடிசா, பாலாசோர், ஃபக்கீர் மோகன் கல்லூரி. பி.எட். மாணவி. துறைத் தலைவர் மீது புகார் கொடுத்திருந்தாள். காத்திருந்தாள். 12ஆம் தேதி கல்லூரிக்குள்ளேயே தீ வைத்துக்கொண்டாள். 14ஆம் தேதி போய்விட்டாள்.

துறைத் தலைவர் கைது. முதல்வரும் கைது.

இவள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனவள் இல்லை. எல்லாக் கதவையும் தட்டியவள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

*

எதிர்ப்பக்கமும் குறித்து வைக்க வேண்டும். கோவா பல்கலைக்கழகம். ஒரு துறைத் தலைவர் மீது மாணவிகள் புகார். குழு அவசர அவசரமாக விசாரித்தது. அவர் தன் தரப்பைச் சொல்லப் போதிய நேரம் கொடுக்கவில்லை. வேலை போனது. 2023 மே 12, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மறுபடி முறையாக விசாரிக்கச் சொன்னது.

புகார் வந்தது 2009இல். மறுபடி முதலிலிருந்து என்றால் அந்த மாணவிகள் எங்கெங்கே இருப்பார்கள்? அவரவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

குழு ஒழுங்காக நடக்காவிட்டால் இரண்டு பக்கமும் அநியாயம். நல்ல மனசு போதாது. நோட்டீஸ் எப்படிக் கொடுப்பது, சாட்சியிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று பழக வேண்டும்.

அதே தீர்ப்பில், நாடு முழுக்கக் குழுக்கள் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும் உத்தரவு. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து.

*

சமரசம். 10வது பிரிவு. பெண் கேட்டால் மட்டும். விசாரணைக்கு முன்னால் மட்டும். பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

நம் பக்கத்தில் சமரசம் வேறு மாதிரி வரும். சாயங்காலம் நாலு பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வருவார்கள். காப்பி குடிப்பார்கள். "வெளிய தெரிஞ்சா பிள்ளைக்குத்தான் கேடு" என்பார்கள். சொந்தம், சாதி, கட்சி எல்லாம் அந்த நாலு பேருக்குள் இருக்கும். அம்மா அடுக்களை வாசலில் நிற்பாள். பிள்ளையை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

*

பொய்ப் புகார் என்று நிரூபித்தால் நடவடிக்கை உண்டு. 14வது பிரிவு. அதையே கூட்டத்தில் பெரிதாகச் சொல்கிறார்கள். அதே பிரிவில் இருக்கிற மற்றதையும் சொல்ல வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

*

கல்லூரியைத் தரமதிப்பிட நாக் குழு வருகிறது என்றால் ஃபைல் தயாராகும். விழிப்புணர்வு நாள், பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, போட்டோ. ஆண்டறிக்கையில் ஒரு வரி: பெறப்பட்ட புகார்கள், இல்லை.

அமெரிக்காவில் ஜீன் கிளெரி என்ற மாணவி. லீஹை பல்கலைக்கழகம், 1986, விடுதி அறையிலேயே கொலை. பெற்றோர் போராடினார்கள். 1990இல் சட்டம். அங்கே வளாகங்கள் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். சேர வருகிறவர்கள் பார்க்கலாம்.

இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் படிக்கிற இடத்தில் பத்தாண்டாகப் புகார் இல்லை என்றால் நான் பயப்படுவேன். மூன்று வந்தது, மூன்றையும் 90 நாளில் முடித்தோம் என்கிற கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பேன்.

*

மாணவனுக்கும் நடக்கும். திருநங்கைக்கும் நடக்கும். மானியக் குழுவின் விதிமுறை அவர்களையும் சொல்கிறது. பையன்கள் யாரிடமும் சொல்வதில்லை. விடுதியில் ராகிங் என்ற பெயரில் முடிந்துவிடுகிறது.

*

கல்லூரியின் தாளாளர் மீதே புகார் என்றால்? அவர்தான் சம்பளம் கொடுப்பவர். அவர் போட்ட குழு அவரை விசாரிக்காது.

அதற்கு மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தென்காசி 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்னால் திருநெல்வேலி வரை போக வேண்டியிருந்தது. இப்போது இலஞ்சியிலிருந்து டவுன் பஸ் தூரம்.

இந்தத் தெருவில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் கலெக்டர் ஆபீஸ் போய் வந்தவர்கள்தான் எல்லோரும்.

*

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு. பஸ் கட்டணம் கேட்பீர்கள், விடுதிச் சாப்பாடு கேட்பீர்கள், வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள். உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் யார், அவர் செல்போன் எண் என்ன, மாணவப் பிரதிநிதிகளை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள், போன ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். குழு உறுப்பினர் பெயரையும் தொடர்பு எண்ணையும் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அரசிதழிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். என்ன நடந்தாலும் படிப்பை நிறுத்த மாட்டோம் என்று. அப்பா சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும்.

மகளிர் உதவி எண் 181. இரவிலும் எடுப்பார்கள். கட்டணம் இல்லை.